ஆபீஸ் மேட்டில் நிற்காத கார்

ஆபீஸ் கடிகாரத்தில் ஒன்பது பத்து. அது தோக்கியோ நேரம், ஜப்பான்காரன் போட்ட உத்தரவு. அந்த உத்தரவு எங்கள் தோட்டத்துச் சூரியனுக்கு வந்து சேரவில்லை. அதன் கணக்கில் எட்டுக்கூட ஆகவில்லை. ரப்பர் இலைகளிலிருந்து பனி இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

ஜன்னல் வழியாக நான் முதலில் பார்த்தது, டிரைவர் சடையண்ணன் குனிந்தபடி நிற்பதை. எஞ்சினை முடுக்கும் இரும்புக் கைப்பிடி அவர் கையில் இருந்தது. அதற்கு முன்னால் இருக்க வேண்டிய கார் இல்லை.

கார் அவரை விட்டு விலகி, பின்பக்கமாக, மேட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் பொருத்தியிருந்த கரி அடுப்பு மெல்லப் புகைந்தது. பின்சீட்டில் ஜப்பானிய அதிகாரி நேராக உட்கார்ந்திருந்தார். ஓட்டும் இடத்தில் ஆள் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் முன்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

காரோடு ஓடிக்கொண்டிருந்தவன் கோவிந்தன். முட்டுக்கட்டையைக் கைக்குழந்தைபோல் நெஞ்சோடு அணைத்திருந்தான். பால் நிறுக்கும் கொட்டகை நெருங்கியபோது குனிந்து, கட்டையைப் பின்சக்கரத்துக்கு அடியில் வீசினான். கார் ஒருமுறை எம்பி நின்றது. கொட்டகைத் தூணுக்கும் கரி அடுப்புக்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவு இடம் இருந்தது. அதிகாரியின் தொப்பி அவர் மடியில் விழுந்திருந்தது.

இரண்டு ஆள் கார்

இந்தப் பத்தியில் மரவள்ளிக்கிழங்கைப் பற்றி இரண்டு வாரம் எழுதிவிட்டேன். போதும் என்று வீட்டிலேயே சொல்லிவிட்டார்கள். இந்த வாரம் கார்.

மலாயாவில் ரந்தாவ் ஊருக்குச் சற்று உள்ளே இருந்த எங்கள் தோட்டத்தில் அப்போது நான் சின்னக் கிராணி, ஆபீஸ் கணக்கு எழுதுகிறவன். பத்திரிகை வேலை என்று ஒன்று இருப்பது தெரியும். அது என்னைத் தேடி வரும் என்று தெரியாது. வெள்ளைக்காரத் துரை தெற்கே ஓடிப்போனபின், பெரிய கிராணியார்தான் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். சுற்றியிருந்த நாலைந்து தோட்டங்களுக்குச் சேர்த்து அந்த ஜப்பானிய அதிகாரி. துரை விட்டுப்போன கார் அவருடைய பயணத்துக்கு. அவர் வராத நாளில் நோயாளிகளைச் சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்.

பெட்ரோல் கிடையாது. கரியைப் புகைய வைத்து, அந்தப் புகையில் எஞ்சினை ஓட்டினார்கள். கை பிரேக்கும் கிடையாது. லீவர் இருந்தது, இழுத்தால் டிரைவரின் விலா வரைக்கும் வரும், கார் தன் பாட்டுக்கு நகரும்.

எஞ்சினை முடுக்கும்போது கியரில் போட்டு வைக்க முடியாது. ஆபீஸோ மேட்டில் இருந்தது. ஆகவே அந்தக் காருக்கு இரண்டு ஆள். சடையண்ணன் முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றுவார். கோவிந்தன் பின்சக்கரத்தருகே குந்தியிருந்து, எஞ்சின் பிடித்து அவர் உள்ளே ஏறியதும் முட்டுக்கட்டையை உருவுவான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கரி எஞ்சின் பொய் சொல்லும். முதல் இருமலும் பொய், இரண்டாவதும் பெரும்பாலும் பொய். அதற்கப்புறம் ஒரு சீரான முனகல் வரும், அதுதான் மெய். கோவிந்தன் அந்த முனகலுக்குக் காத்திருப்பான். அன்று அதிகாரி உள்ளேயிருந்து "லெக்காஸ், லெக்காஸ்" என்று அவசரப்படுத்தினார். முதல் இருமலிலேயே கட்டை வந்துவிட்டது.

கோவிந்தன் சடையண்ணனின் மனைவி அஞ்சலையக்காவின் தம்பி. என் வயதுக்காரன், நல்ல உயரம். பால் வெட்ட விட்டால் பட்டையோடு மரத்தையும் வெட்டுவான். புல் வெட்ட விட்டார்கள், புகைக் கொட்டகையில் போட்டார்கள், காவலுக்கு வைத்தார்கள். வேலை வாங்கும் மண்டோர்கள் எல்லாரும் அவனைத் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் முட்டுக்கட்டை அவனுக்குப் பொருந்தியது. "மாமா காரை ஓட்டுறாரு, நான் நிறுத்துறேன். யாரு பெரிய ஆளு?" என்பான். "வாயை மூடிட்டு ஏறுடா மாப்ளே" என்பார் சடையண்ணன். தினமும் நடக்கும் பேச்சு இது. இருவருக்கும் அலுத்ததில்லை.

ஒரு ஆள் போதும்

அந்த நாட்களில் தோட்டத்து ஆண்கள் எல்லாருக்கும் இருந்த பயம் ஒன்றுதான்: சயாம். ரயில் பாதை போட ஆள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். முதலில் போனவர்களிடமிருந்து சேதி வரவில்லை. இரண்டாவதாகப் போனவர்களிடமிருந்தும் வரவில்லை. தோட்டத்துக்கு அவசியம் என்று பெரிய கிராணியார் காட்டக்கூடிய சிலர் மட்டும் தப்பினார்கள். டிரைவர் அதில் ஒருவர். காருக்கு இரண்டு ஆள் வேண்டும் என்பதால் கோவிந்தனும் ஒருவன்.

அதிகாரி காரைவிட்டு இறங்கித் தொப்பியைப் போட்டுக்கொண்டார். கத்தவில்லை. சக்கரத்தைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார், கோவிந்தனைக் கடைசியாகப் பார்த்தார். சாயங்கால வகுப்பில் கொஞ்சம் ஜப்பானியம் படித்திருந்ததால் நான்தான் மொழிபெயர்ப்பாளன். என் ஜப்பானியத்தை அதிகம் நம்பாமல் அவர் மலாயிலும் சொன்னார். அடுத்த முறை வரும்போது பிரேக் பிடிக்க வேண்டும். பிடித்தால் காருக்கு ஒரு ஆள் போதும். "சத்து ஓராங் சுக்குப்." பிடிக்காவிட்டால் காரை வேறு தோட்டத்துக்குக் கொண்டுபோய்விடுவார்.

கார் போனால் டிரைவர் எதற்கு? பெரிய கிராணியார் அதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார்: பிரேக் பிடித்தால் கோவிந்தனுக்குச் சயாம், பிடிக்காவிட்டால் இருவருக்கும்.

மத்தியானம் அஞ்சலையக்கா கிழங்கு அவித்து எடுத்துக்கொண்டு கார் கொட்டகைக்கு வந்தார். விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. தூக்குச்சட்டியை வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"ஒருத்தன் போனா நான் அழுதுக்குவேன். ரெண்டு பேரும் போனா யாருக்குன்னு பிரிச்சு அழுறது?"

கோவிந்தன் கிழங்கில் உப்பு குறைவு என்றான்.

துரையின் தொப்பி

கார் ஏன் நிற்கவில்லை? எங்கள் முதல் சந்தேகம் கம்பி. லீவருக்கும் சக்கரத்துக்கும் நடுவே போகும் கம்பி நாளாக நாளாகத் தொய்ந்துபோகும். அதை முறுக்கி இழுத்தால் போதும் என்றேன் நான். சடையண்ணனும் அதையேதான் நினைத்தார். காருக்கடியில் படுத்து முறுக்கினார். லீவர் இப்போது இடுப்புக்கு மேல் வரவில்லை. நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டோம். காரை மேட்டில் வைத்தோம். நகர்ந்தது.

இன்னொரு சோதனை உண்டு. கை பிரேக்கை இழுத்துவிட்டு, கியரில் போட்டுக் கிளச்சை விட வேண்டும். பிரேக் சரியாக இருந்தால் எஞ்சின் திணறி நின்றுவிடும். செய்து பார்த்தோம். எஞ்சின் நின்றுவிட்டது. கோவிந்தன் சிரிக்க ஆரம்பித்தான். பிரேக்கைத் தொடாமல் செய்தாலும் நிற்கும் எஞ்சின் அது. கரியில் ஓடும் எஞ்சினிடம் சாட்சி கேட்கக் கூடாது.

பிறகு ஜாக்கி வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கி, லீவரை இழுத்து வைத்துக்கொண்டு சக்கரங்களைக் கையால் சுற்றினோம். இடது சக்கரம் கரகரவென்று உரசி, கொஞ்சம் யோசித்து நின்றது. வலது சக்கரம் ராட்டினம்போல் சுற்றியது. கம்பி இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு இழுப்பதைச் சடையண்ணன் கையால் பிடித்துப் பார்த்துச் சொன்னார். கோளாறு கம்பியில் இல்லை, சக்கரத்தோடு சுற்றும் இரும்பு டிரம்முக்குள்ளே.

டிரம் சுலபமாக வரவில்லை. மரச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டி, வலது டிரம்மைக் கழற்றியதும் கொட்டகை முழுக்க வடை சுடும் வாசனை. எண்ணெய் தட்டுப்பாட்டில் அச்சுக்குச் செம்பனை எண்ணெய்தான் ஊற்றிக்கொண்டிருந்தோம். அது அச்சு முனை வழியாகக் கசிந்து உள்ளே ஊறியிருந்தது. தினமும் கிழங்கு தின்றுகொண்டிருந்த எங்களுக்கு அந்த வாசனை பொறுக்க முடியாததாக இருந்தது. கோவிந்தன் விரலால் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, எதையோ நினைத்துக்கொண்டு துணியில் துடைத்தான்.

அந்த வகைக் காரில் கால் பிரேக்குக்கு ஒரு சோடி ஷூ, கை பிரேக்குக்குத் தனியாக ஒரு சோடி. பிறை வடிவ இரும்பு. அதன் முதுகில் ரிவெட் அடித்த லைனிங்தான் டிரம்மின் உட்சுவரைப் பிடிக்கும். கால் பிரேக் ஷூவில் லைனிங் போதுமான அளவு இருந்தது. கை பிரேக் ஷூவில் தாளளவு மிச்சம். செம்பு ரிவெட்டுகள் பளபளவென்று வெளியே வந்து, டிரம்மில் வட்டமாகக் கோடு கிழித்திருந்தன. இடது பக்கமும் அப்படியே. எண்ணெய் மட்டும் இல்லை.

கை பிரேக் ஷூ இவ்வளவு தேயக் காரணமே இல்லை. நின்ற காரை நிற்க வைப்பதுதான் அதன் வேலை. சடையண்ணன்தான் காரணத்தைச் சொன்னார். துரை முன்சீட்டு இரண்டுக்கும் நடுவே இருந்த லீவரில் தொப்பியை மாட்டுவாராம். முழுக்க இறக்கினால் தொப்பி வழுக்கும். ஆகவே பாதி ஏற்றியே சிரம்பான் கிளப்பு வரைக்கும் ஓட்டுவார். கிளப்பு வாசலில் நிற்கும்போது பின்சக்கரம் கருகி வாடை வரும். அதைக் கழுவிக் குளிரவைத்தது சடையண்ணன். ஒருமுறை மரியாதையாகச் சொல்லியும் பார்த்தாராம். துரை தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாராம்.

ஷீட் வெட்டியவன்

புது லைனிங் தேடிச் சிரம்பானுக்குச் சைக்கிளில் போனேன். டயருக்குப் பதிலாகத் தோட்டத்து ரப்பர் குழாயைச் சுற்றிய சைக்கிள். வழியெல்லாம் பல் ஆடியது. ஊருக்குள் தெமியாங்கில் ஒரு சீனரின் பட்டறை. அவர் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். அலமாரியைத் திறந்து காட்டினார். வெறும் டப்பாக்கள். வாசலில் நின்ற தன் லாரியையும் காட்டினார். அதன் நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்திருந்தார்.

வெறுங்கையோடு திரும்பியபோது சடையண்ணனின் முகத்தில் ஏமாற்றத்தோடு வேறொன்றும் இருந்தது. லைனிங் இல்லை என்றால் ஷூவை அப்படியே மாட்டிவிடலாம், அதிகாரியிடம் சாமான் கிடைக்கவில்லை என்று சொல்லலாம் என்றார். காரை எடுத்துப் போனால் போகட்டும். போகிறபோது காரோடு அவர்கள் இரண்டு ஆளையும் சேர்த்துக் கேட்டாலும் கேட்பார்கள் என்றார். அவர் சொல்வதை அவரே நம்பவில்லை.

அப்போது கோவிந்தன் எழுந்து புகைக் கொட்டகைக்குப் போனான். வாங்க ஆளில்லாமல் அங்கே ரப்பர் ஷீட் கூரை வரை அடுக்கிக் கிடந்தது. நன்றாகப் புகை ஏறிய ஒரு ஷீட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். ஓடுகிற சக்கரத்தைப் பிடிக்க ரப்பர் உதவாது, உருகிவிடும். ஆனால் நிற்கிற சக்கரத்தைப் பிடிக்க அதைவிட நல்ல சாமான் ஏது என்றான். அவன் சொன்னது சரி. எங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டியது.

சடையண்ணன் ஷீட்டை வாங்கவில்லை. "வேணாம்லா. கொண்டுபோய் வை."

"மாமா, எங்க அக்கா சொன்னது உங்க காதுல விழுந்துச்சா?"

"உன் பிள்ளைங்க ரெண்டும் என்னைத்தான்டா கேக்கும்."

"கேக்கட்டும். கேக்கறதுக்கு நீங்களாவது இங்க இருக்கணும்ல."

மரத்தில் ஒரு கோடு நேராக வெட்ட முடியாதவன், அன்று ஷூவின் வளைவுக்கு ஏற்ப ஷீட்டைப் பிசிறில்லாமல் வெட்டினான். மூன்று அடுக்கு வைத்துச் செம்புக் கம்பியால் ரிவெட் அடித்தோம். எண்ணெய்க் கசிவை அடைக்கக் கம்பளித் துண்டு வேண்டியிருந்தது. பங்களாவில் துரையின் கம்பளித் தொப்பி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் ஓரத்தை வட்டமாக வெட்டி அச்சு முனையில் சொருகினார் சடையண்ணன். அந்த ஒரு வேலையை மட்டும் அவர் சந்தோஷமாகச் செய்தார்.

காரை மேட்டில் நிறுத்தி லீவரை இழுத்தோம். கட்டை இல்லை. அஞ்சலையக்கா முன்னால் வந்து தோளைக் கொடுத்துத் தள்ளினார். நானும் சேர்ந்து தள்ளினேன். கார் நின்றது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் ரப்பர் மர நிரைக்குத் திரும்பிப் போனார்.

சோதனை நாள்

அதிகாரி சொன்னபடி வந்தார். ஆட்களை ஏற்றும் லாரி அதே வாரத்தில் வரப்போவது எல்லாருக்கும் தெரியும். அவர் காரை மேட்டின் செங்குத்தான இடத்தில் நிறுத்தச் சொல்லி, லீவரை இழுக்கச் சொல்லி, கட்டையை எடுக்கச் சொன்னார். இரண்டு கையாலும் தள்ளினார். உதைத்தும் பார்த்தார். "பாகூஸ்" என்றார். நன்று.

பெரிய கிராணியாரைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினார். ஒரு ஆள். பெரிய கிராணியார் தலையாட்டினார்.

கோவிந்தன் முட்டுக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அதை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அன்று சுவா என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குப் போக வேண்டியிருந்தது. மொழிபெயர்க்க நானும் ஏறினேன். எஞ்சின் பொய் சொல்லி முடித்து முனகத் தொடங்கியதும் சடையண்ணன் உள்ளே ஏறி உட்கார்ந்தார். ஓராண்டுக்கு மேல் கோவிந்தன் உட்கார்ந்துவந்த பக்கத்துச் சீட் முதல் தடவையாகக் காலியாக இருந்தது.

மேட்டிலிருந்து ரந்தாவ் வரைக்கும் பெரும்பாலும் இறக்கம். தோட்டத்து எல்லை தாண்டும்போது அதிகாரி, அந்த உயரமான ஆள் இவனுக்கு யார் என்று கேட்டார். மனைவியின் தம்பி என்றேன். பிள்ளைகள் உண்டா என்றார். இரண்டு என்றேன். அவர் மறுபடி முன்பக்கம் பார்க்கத் தொடங்கினார்.

கொஞ்ச தூரத்தில் வாடை வந்தது. ரப்பர் தோட்டத்தில் வாழ்கிறவனுக்கு அது என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. ரந்தாவ் கடைத்தெரு வந்தபோது பின்சக்கரம் இரண்டும் கறுப்பாகப் புகைந்தன. உருகிய ரப்பர் டிரம்மைப் பிடித்துக்கொள்ள, கார் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை வாசலில் தானாகவே நின்றது.

கடைக்காரப் பாய் வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார். வேலை இல்லாத காலத்திலும் அவருக்குப் பேச்சுக்குக் குறைவில்லை. "என்ன டிரைவரே, கறி இல்லாத நாள்ல ரப்பரைத் தாளிக்கிறீங்களா? வாசம் மஸ்ஜிது வரைக்கும் போச்சே." தமிழ் தெரியாத அதிகாரி அவரை மரியாதையாகப் பார்த்துத் தலையசைத்தார்.

சடையண்ணன் இறங்கித் தலைகுனிந்து நின்றார். "லூப்பா, துவான்" என்றார். மறந்துவிட்டேன். ஒரு வருஷத்துக்கு மேலாகப் பிரேக் இல்லாத கார். லீவரை ஏற்றுவது நினைவிருக்கிறது, இறக்குவது கைக்கு மறந்துவிட்டது என்றார். அவர் மலாயில் சொன்னதை நான் என் ஜப்பானியத்தில் மறுபடி சொன்னேன். கேட்பவர் நம்பக்கூடிய காரணம்தான். முட்டுக்கட்டையில் பழகிய எந்த டிரைவருக்கும் அது நடக்கும்.

அதிகாரி புகை அடங்கும்வரை சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் சொன்னதை நான் பெரிய கிராணியாரிடம் அப்படியே சொன்னேன்: இவன் கை மறக்கிறது, லீவரை இறக்க ஒரு ஆளைப் பக்கத்தில் உட்கார வை, பழைய ஆளே போதும்.

இறக்கியாச்சு மாமா

ஷூவுக்கு மறுபடி ஷீட் வெட்டினோம். அதன்பின் ஜப்பான்காரன் போகும்வரை கோவிந்தன் முன்சீட்டில் இடப்பக்கம் உட்கார்ந்து போனான். கார் புறப்படும் ஒவ்வொரு தடவையும் லீவரை இறக்கி, "இறக்கியாச்சு மாமா" என்று மேட்டில் இருக்கும் அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொல்வான். "தெரியுதுடா" என்பார் சடையண்ணன். லீவர் அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

அந்த வாரம் லாரி வந்தது, ஆட்கள் போனார்கள். ஒருவன் நின்றால் அந்த இடத்துக்கு இன்னொருவன் போவான் என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. அது யார் என்று பெரிய கிராணியாரிடம் யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அஞ்சலையக்கா அன்று லாரி வரைக்கும் போய், ஏறியவர்களுக்கெல்லாம் அவித்த கிழங்கைக் கொடுத்துவிட்டு வந்தார்.

சண்டை முடிந்தபின் சடையண்ணன் சிரம்பானில் வாடகைக் கார் ஓட்டினார். நான் பத்திரிகையில் சேர்ந்தபின் அந்தக் காரில் பலமுறை போயிருக்கிறேன். அவர் லீவரை இறக்க மறந்து நான் பார்த்ததில்லை.

அன்றைய பயணத்தைப் பற்றி இன்னும் ஒன்று. ஆபீஸ் மேட்டிலிருந்து பாயின் கடை வாசல் வரைக்கும் லீவர் பாதி மேலேயே இருந்தது. கியர் மாற்றும் நேரம் தவிர, சடையண்ணனின் இடது கை அதன்மேல் இருந்தது. பின்சீட்டில் டிரைவருக்கு நேர் பின்னால் நான் உட்கார்ந்திருந்தேன். இடப்பக்கம், காலியான முன்சீட்டுக்குப் பின்னால், அதிகாரி உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து லீவரும் அதன்மேல் இருந்த கையும் தெளிவாகத் தெரியும்.